மனுசி விடமாட்டா

குருசுமுத்து சாவதற்கு இன்னும் ஏழு கிழமை இருந்தது. நோய் நொடி ஒன்றும் இல்லை. தானே பேர் கொடுத்து, பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு வாங்கிய சாவு.

மொரோக்கோவில், புல்கூட முளைக்காத பாலைவன மலைகளில் ஆறு நாள் ஓட்டம். நூற்றி அறுபது கிலோமீற்றர். சாப்பாடு, படுக்கை எல்லாம் முதுகில். போத்தல் தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் ஹென்னிங், தானும் மனைவி பென்டெயும் போவதாகச் சொல்லி, "நீயும் வாறியா?" என்று கேட்டான். மன்னார் வெயிலே தன்னைக் கண்டால் ஒதுங்கிப்போகும் என்று அளந்துவிட்டு, "நான் ரெடி" என்றார் குருசுமுத்து. அகதியாக வந்து குடியேறிய குளிர்நாட்டில், அல்பர்ட்ஸ்லுண்ட் ஸ்டேசனில் ரயிலைப் பிடிக்கக்கூட ஓடாத மனிதர்.

வீட்டில் மனைவி பவளராணி இருக்கும் தைரியம்தான். கலியாணம் கட்டி, பிள்ளைகளும் பிறந்து, பதினொரு வருசமாக, பிடிக்காத எதையும் அவர் கிட்ட அண்டவிட்டதில்லை. மாதா கோயில் பாட்டுக் குழுவா? "மனுசி விடமாட்டா." கோயிலுக்கு வரும் ஞானரட்ணம் வீடு மாற அலுமாரி தூக்க வேண்டுமா? "எனக்கு விருப்பம்தான் அண்ணை, மனுசி விடமாட்டா." ஒன்றையும் அவர் பவளராணியிடம் கேட்டதே கிடையாது.

இந்தமுறை மட்டும் அவள் வாயாலேயே அசல் 'வேண்டாம்' தேவைப்பட்டது. பென்டெயும் பவளராணியும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை. பொய் சொன்னால் மறுநாளே வெளிப்பட்டுவிடும்.

"பவளம், நான் பாலைவனத்தில ஓடப் போறன்."

"ஓம், போங்கோ." கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தவள் திரும்பவும் இல்லை.

"ஆறு நாளப்பா!"

"சரி."

"தேள் இருக்காம்."

"சப்பாத்தை உதறிப்போட்டுப் போடுங்கோ."

"போன வருசம் ஒருத்தன் செத்தவனாம்." உலகத்திலேயே இல்லாத அந்த ஆளை குருசுமுத்து அங்கே நின்றபடியே கொன்றார்.

"பாவம். அவன்ர ஆத்துமாவுக்குப் பூசைக்குக் குடுப்பம்."

"எங்கட அகதிப் பாஸ்போட்டுக்கு விசா தரமாட்டாங்கள்!"

"பென்டெ சொன்ன உடனையே கேட்டனான். தருவினமாம்."

விடிய ஐந்து மணிக்கு அவளே அவரை எழுப்பி, எண்பத்தாறாம் ஆண்டின் மாசிப் பனியில் ஓடிப் பழகத் துரத்தினாள். அவர் பஸ் தரிப்பு வரை ஓடுவார். அங்கே குந்தியிருந்து, தன் சவப்பெட்டியை மன்னாருக்கு அனுப்புவார்களா, இங்கேயே தாழ்ப்பார்களா என்று யோசித்துக் கண்கலங்குவார். பிறகு நெற்றியில் பனியைத் தேய்த்து வியர்வை பண்ணிக்கொண்டு வீடு திரும்புவார்.

ஐந்தாம் கிழமை உடைந்துபோனார்.

"பவளம், வேண்டாமெண்டு ஒரு சொல்லுச் சொல்லன். எனக்குப் பயமாக் கிடக்கு."

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "கோயில்ல பொம்பிளையள் எனக்கு வச்ச பேர் தெரியுமோ? ஜெயிலர். புருசனைப் பாடவும் விடமாட்டாளாம், அலுமாரி தூக்கவும் விடமாட்டாளாம். மேரிகிறேஸ் முகத்துக்கு நேர கேட்டவ." அவள் கண் நிறைந்தது. குருசுமுத்துவுக்கு முதல்முறையாக வெட்கமாக இருந்தது.

"இப்ப நான் என்ன செய்யிறது?"

"ஞாயிறு பூசை முடிஞ்சு எல்லாரும் கோப்பி குடிக்கேக்க எழும்பிச் சொல்லுங்கோ. பயத்தில நான்தான் போகேல்லை, எங்கட வீட்டில ஆரும் ஆரையும் தடுக்கிறேல்லை எண்டு."

சொன்னார். நாற்பது பேர் முன்னால், காது சுட, ஒரு சொல் விடாமல் சொன்னார். மேரிகிறேஸ் தலையைக் குனிந்துகொண்டாள். மானம் போனாலும் உயிர் தப்பியது என்று அவர் உட்காரப்போக, பவளராணி ஒரு கடுதாசியை அவர் முன்னால் விரித்தாள்.

"என்ன இது?"

"உங்கட இடத்துக்கு பென்டெ என்ர பேரை எழுதினவ. வேலை முடிய ஒவ்வொரு நாளும் ரெண்டு பேரும் ஓடிப் பழகினனாங்கள்."

"ஓவர்டைம் எண்டெல்லோ சொன்னனீ?"

"சாட்டுச் சொல்ல உங்களிட்டப் பழகினதுதான். வீட்டுக்காரரும் சம்மதம் எண்டு கையெழுத்து வைக்கவேணுமாம்."

'வேண்டாம்' நுனிநாக்கு வரை வந்தது. நாற்பது கோப்பைகளும் அந்தரத்தில் நின்றன. ஞானரட்ணம் தன் சட்டைப்பையில் இருந்த பேனையைக் கழற்றி நீட்டினார்.

குருசுமுத்து கையெழுத்து வைத்தார்.

"ஆறு நாளும் சமையல் நீங்கதான்," என்றாள் பவளராணி, மை காய ஊதியபடி. "தபசு காலம். வெள்ளிக்கிழமை பிள்ளையளுக்கு இறைச்சி குடுத்துப்போடாதேங்கோ."