முள்முடியில் இரண்டு கோழிக்குஞ்சு

அநியாயம் செய்யப்பட்டவள் றோசமலர். செய்தவன் அவளுடைய புருசன் அலோசியஸ். செய்த விதம்: பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து தாய்க்கு வந்த ஒரு கடதாசியை அரிசி வாளிக்குள், அரிசிக்கு அடியில், ஒளித்து வைத்தது.

"இவ்வளவுதானா?" என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கடதாசியில் இருந்தது இது: அடுத்த கிழமை, பெரிய வியாழனுக்கு முதல்நாள், பாலர் வகுப்புப் பிள்ளைகளின் ஈஸ்டர் தொப்பி ஊர்வலம். தொப்பியைக் கடையில் வாங்கக் கூடாது. வீட்டில் தாயும் பிள்ளையும் சேர்ந்து செய்ய வேண்டும்.

றோசமலர் பொலித்தெயாமா அரங்குக்குப் பக்கத்தில் எண்பத்தெட்டு வயது இத்தாலியச் சின்யோரா ஒருத்தியைப் பராமரிக்கிறாள். போர்கோ வெக்கியோவில் இருக்கும் தன் வீட்டுக்கு அங்கிருந்து பத்து நிமிட நடை. ஆனாலும் இரவும் பகலும் அங்கேயே தங்க வேண்டும். வீடு என்பது வியாழன் பின்னேரமும் ஞாயிறும். ஐந்து வயது மொனிகாவுக்கு அம்மா என்பது கிழமையில் ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளில் இரண்டு பேரும் குந்தியிருந்து செய்வதற்கென்றே ஒரு காரியம் தேடி வந்தது. அதைத்தான் அவன் அரிசிக்குள் புதைத்தான்.

அவனிடம் நியாயம் இருந்தது. நியாயம் கைவசம் இல்லாத புருசன் எந்த ஊரில் இருக்கிறான்? போன மாதம் மொனிகாவுக்குக் காய்ச்சல் என்று றோசமலர் ஒருநாள் வேலைக்குப் போகவில்லை. "இன்னொரு நாள் நிண்டால் வேறை ஆளைப் பாப்பன்" என்றான் சின்யோராவின் மகன். வேலை போனால் கொந்திராத்தோ போகும். அந்த வேலை ஒப்பந்தம் இல்லாமல் அடுத்த மாதம் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. தொப்பி விசயம் தெரிந்தால் அவள் ஊர்வலம் பார்க்க லீவு கேட்பாள். கேட்காவிட்டால் அழுவாள். இரண்டும் வேண்டாம். தானே செய்துவிடுவது என்று தீர்மானித்தான்.

"ஒரு தொப்பி. கப்பலே கட்டப் போறன்?"

அவன் காலையில் மாடிப்படிகள் கழுவுகிறவன். பின்னேரங்களில் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுவான். அந்தத் திங்கட்கிழமை படுக்கவில்லை. நிலத்தில் பேப்பர் விரித்துக் குந்தினான். இங்கேதான் ஒரு சிக்கல். மன்னாரில் ஒன்பது வருடம் பாஸ்கா என்கிற சிலுவைப்பாட்டு நாடகத்தில் சேவகனாக நடித்தவன் அவன். ஈஸ்டருக்கு முந்தின கிழமையில் ஒரு தலைக்கு என்ன வைப்பார்கள் என்று கேட்டால் அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கை தானாகவே வேலை செய்தது. மண்ணிறக் கடதாசியை முறுக்கினான். பின்னினான். பல்லுக்குத்தும் குச்சிகளைச் சுற்றிவரக் குத்தினான். றோசமலரின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து நாலு இடத்தில் இரத்தமும் வைத்தான். வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தான். அவனுக்கே கண் கலங்கியது.

"அப்பா, குத்துது," என்றாள் மொனிகா.

"குத்தத்தான் வேணும் பிள்ளை."

முன்வீட்டு அருள்நாயகி அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தவர், வாசலிலேயே நெஞ்சில் கை வைத்தார்.

"ஐயோ தம்பி! உதென்ன கோலம்? பிள்ளையைச் சிலுவையிலை அறையப் போறியளோ?"

"பள்ளிக்கூடத்திலை கேட்டது அக்கா. ஈஸ்டர் தொப்பி."

"ஈஸ்டர் எண்டால் உயிர்ப்பு! பூ, முட்டை, கோழிக்குஞ்சு! இவர் பெரிய வெள்ளியைத் தலையிலை கட்டி விடுறார்!"

"கோழிக்குஞ்சோ? ஆண்டவர் உயிர்த்ததுக்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம்?"

"அதைப் போய்ப் படிப்பிக்கிற மாயெஸ்த்ராவைக் கேளுங்கோ. கறிவேப்பிலை இருக்கோ இல்லையோ?"

குச்சி முழுவதையும் பிடுங்கினான். இரத்தம் போகவில்லை. அதை ரோசாப்பூ என்று வைத்துக்கொள்வோம் என்று பச்சைக் கடதாசியில் இலை வெட்டினான். இலை வெட்டத் தானும் வருவேன் என்று மொனிகா கத்தரிக்கோலை எடுத்தாள். இடது கையால் எடுத்தாள்.

"மற்றக் கையாலை வெட்டு பிள்ளை."

"என்ரை கை இதுதானே அப்பா."

ஐந்து வருடம். அவன் அதைக் கவனித்ததே இல்லை. இலைகளை ஒட்டிக்கொண்டே அந்த இடது கையைப் பார்த்தான்.

தொப்பியைத் தலையில் வைத்தால் மூக்குவரை இறங்கியது. இறுக்கினால் மேலே ஏறி நின்றது. மூன்று நாள் அந்த மல்லுக்கட்டு. வியாழன் காலை தொப்பியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். பிள்ளைக்கு ஒரு ஜெலாத்தோ ஐஸ்கிரீம் இலஞ்சம் கொடுத்து வாயைப் பூட்டினான்.

மூன்று மணிக்கு றோசமலர் வந்தாள். செருப்பைக் கழற்றமுன்னமே பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ, சின்யோராவின்ரை பேரப்பிள்ளையளுக்கு இந்தக் கிழமை இரண்டு தொப்பி செய்து குடுத்தனான். ஈஸ்டருக்கு."

அவனுக்குத் தேநீர் புரையேறியது. "தொப்பியோ? ஏன்?"

"அதுகளின்ரை பள்ளிக்கூடத்திலை கேட்டதாம். தாய்க்கு நேரமில்லை. என்னைச் செய்யச் சொன்னவா. மொனிகாவின்ரை பள்ளிக்கூடத்திலை அப்பிடி ஒண்டும் இல்லையோ?"

"சீச்சீ. அது காசுக்காரப் பள்ளிக்கூடம். இஞ்சை உதொண்டும் இல்லை."

மொனிகா இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.

"என்ன பிள்ளை, பல்லுக் குத்துதோ?"

"ஓம். பல்லு," என்றான் தகப்பன்.

றோசமலர் மகளின் தலையைத் தடவினாள். பிறகு சாணால் சுற்றி அளந்தாள். அவசரமே இல்லாமல் அளந்தாள். "பிள்ளைக்குத் தலை வளந்திட்டுது. ஐம்பத்தொண்டு சென்றிமீற்றர் வரும்," என்று காற்றோடு சொல்வதுபோலச் சொன்னாள்.

கேட்காமலே அளவு கிடைத்தது என்று அலோசியஸ் மனத்துக்குள் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்தான். ஆண்களுக்கு மாதாமேல் உள்ள நம்பிக்கையில் பாதி, பக்கத்தில் இருக்கிறவளின் புத்திமேல் இருந்தால் எவ்வளவோ நல்லது.

வெள்ளியும் சனியும் கோழிக்குஞ்சு. பஞ்சை உருட்டி, மஞ்சள்தூளில் தோய்த்து, மிளகால் கண் வைத்தார்கள். முதல் குஞ்சு உருளைக்கிழங்குபோல வந்தது. மொனிகா நிலத்தில் புரண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். போன் சார்ஜ் இறங்கிக் கிடந்தது. யாரும் தேடவில்லை.

குருத்து ஞாயிறு பூசையில் றோசமலர் அவனுடைய விரல்களைப் பார்த்தாள். "என்ன, மஞ்சளாய்க் கிடக்கு?"

"பருப்புச் சமைச்சனான்."

அவன் பருப்புச் சமைத்து மூன்று வருடம். அவள் "ஓமோ" என்று மட்டும் சொல்லி, குருத்தோலையை மடித்துக்கொண்டே இருந்தாள். கண் மட்டும் கொஞ்சம் நனைந்திருந்தது. அது சாம்பிராணிப் புகையால் என்று நினைத்து அவன் கணக்கிலெடுக்கவில்லை.

புதன்கிழமை. பள்ளிக்கூட வாசலில் முயல் காதும் பட்டுப் பூவும் வண்ண முட்டைகளுமாய்ப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். நடுவில் மொனிகா. முள்முடியின் எலும்புக்கூட்டில் பச்சை இலை, இரத்தச் சிவப்பில் ரோசா, மேலே கறிவாசத்தோடு இரண்டு குஞ்சுகள். வெயிலில் மஞ்சள் கரைந்து நெற்றியில் வழிந்தது. மாயெஸ்த்ரா ஒருமுறை பார்த்தார். இரண்டாம் முறையும் பார்த்தார். "பெல்லிஸ்ஸிமோ," மிக அழகு என்றார், கொஞ்சம் பயத்தோடு. தொப்பி அசையாமல் இருந்தது. ஐம்பத்தொன்று.

கைதட்டும்போதுதான் அலோசியஸ் தெருவின் அந்தப் பக்கத்தைப் பார்த்தான். சக்கர நாற்காலியில் சின்யோரா. அதற்குப் பின்னால் வேலைச் சட்டையோடு றோசமலர்.

ஓடினான். "லீவு எடுத்தனியோ? சின்யோராவின்ரை மகன் வேலையால நிப்பாட்டப் போறான்!"

"லீவு எடுக்கேல்லை. சின்யோராவை ஒவ்வொரு நாளும் காத்து வாங்கக் கூட்டிக்கொண்டு போறது என்ரை வேலை. இண்டைக்குக் காத்து இந்தப் பக்கம்." கிழவி அவளுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தப் பிடியை விடுவித்துக்கொண்டு தெருவைக் கடக்க அவளால் முடியாது. மற்றக் கையால் மகளுக்குக் கை காட்டினாள்.

மொனிகா தாயைக் கண்டு துள்ளினாள். துள்ளியதில் ஒரு குஞ்சு விழுந்தது. பிள்ளை குனிந்து எடுத்து, சுற்றுமுற்றும் பார்த்து, "அப்பா!" என்று கத்தினாள். "அப்பா, ஒட்டி விடுங்கோ!"

தூக்கிய கை அப்படியே நிற்க, றோசமலர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை மெதுவாக இறக்கி நாற்காலியின் பிடியில் வைத்தாள்.

அவன் போய் ஒட்டிவிட்டுத் திரும்பி வந்தான். இப்போதுதான் அவனுக்கு உறைக்கத் தொடங்கியது.

"உனக்கு ஆர் சொன்னது?"

"கடதாசி வந்த திங்கக்கிழமையே மாயெஸ்த்ரா அம்மாமாரின்ரை வட்சப் குழுவிலை போட்டவா."

"அப்ப வியாழக்கிழமை எல்லாம் தெரிஞ்சுகொண்டே இருந்தனீ?"

"ஓம்."

"நீயே செய்திருக்கலாமே, றோசா. உனக்கு ஆசை இருந்திருக்குமே."

"இருந்தது."

"பிறகேன் என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை?"

றோசமலர் சின்யோராவின் மடியில் இருந்த போர்வையைச் சரிசெய்தாள். நாற்காலியைத் திருப்பினாள். திருப்பிக்கொண்டே சொன்னாள்:

"கேட்டிருந்தா கடதாசியை என்னட்டைத் தந்திட்டு, நீங்கள் போய்ப் படுத்திருப்பியள்."