முதலை விழுங்கிய ஷிகாரி

செத்த பிறகும் ஒன்பது வருஷம் தவறாமல் ஆபீசுக்கு வந்தவர், எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஷிகாரி ஒருவர்தான். வந்தது மட்டுமல்ல, பன்னிரண்டு பேருக்கு வேளை தவறாமல் காப்பியும் வாங்கி வந்து கொடுத்தார்.

ஐம்பதுகளில் பெங்களூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் நான் குமாஸ்தா. ஷிகாரி எங்கள் செக்‌ஷன் பியூன். ஷிகாரி என்றால் வேட்டைக்காரன். எங்கள் ஷிகாரியோ பைல் அலமாரியில் கரப்பான்பூச்சி தலைகாட்டினால் ஸ்டூல் மேல் ஏறிக்கொள்பவர். அப்புறம் எப்படி அந்தப் பெயர் என்று கேட்டுவிட்டால் போச்சு, மத்தியான இடைவேளை முழுக்க அவருக்குத்தான்.

வாலிபத்தில் அவர் மல்லேஸ்வரத்தில் ஒவ்வொரு கிராஸ் தெருவாகக் கூவிக் கீரை விற்றவர். பிறகு கன்டோன்மென்டில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் சமையல்காரராகச் சேர்ந்தார். துரை வேட்டைக்குப் போனபோது இவரையும் கூட்டிக்கொண்டு போக, இரண்டு பேரும் மைசூர்க் காட்டில் வழி தவறிப் பதினோரு நாள் அலைந்தார்களாம். அங்கே ஒற்றைப் பாதையில் ஒரு கொம்பன் யானை. துரையின் துப்பாக்கி ஆற்றோடு போயிருந்தது.

"தொரை அப்படியே கல்லாட்டம் நின்னுட்டாரு சார். நான் சாமிய கூப்புடலாம்னு வாயத் தொறக்கறேன், ஒரு சாமி பேரும் வரல. வாயில வந்தது யாவாரந்தான். 'தண்டு சொப்பு, மெந்தெ சொப்பு, சப்சிகே சொப்பூ!' ஆனை ஒரு நிமிசம் காத ஆட்டிக் கேட்டுச்சு. அப்பால திரும்பிக்கினு பூடுச்சு!"

பெங்களூரில் சொப்பு என்றால் கீரை. யானை கீரை வேண்டாம் என்று போய்விட்டதா, பாக்கி ஏதாவது இருந்து பயந்து ஓடியதா என்றெல்லாம் நாங்கள் கேட்டு அவரைப் பாடாய்ப் படுத்துவோம். கதையில் யானைகள் மாதத்துக்கு ஒன்று கூடும். பதினோரு நாள் இருபதாகும். சொப்பு மட்டும் ஒரு தடவைகூட மாறியதில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

எங்கள் ஹெட் கிளார்க் கன்னடக்காரர். காய்ச்சல் என்று லீவு கேட்டால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். எதற்கும் அவருக்கு ருஜுவாது வேண்டும், அதாவது அத்தாட்சி. ஷிகாரி கதையை முடித்ததும் கதை ஜோர், அத்தாட்சி எங்கே என்று தம் மேஜையிலிருந்தபடியே கன்னடத்தில் கேட்பார்: "கதெ ஜோராகிதே. ருஜுவாது எல்லிப்பா?"

ஷிகாரியின் முகம் வாடிப் போகும். காப்பித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போய்விடுவார்.

அப்படியிருக்கும்போது கன்டோன்மென்டில் ஒரு இங்கிலீஷ் படம் வந்தது. போஸ்டரில் ஒரு வெள்ளைக்காரர், எதிரே யானை, மேலே 'நடந்த கதை' என்று கொட்டை எழுத்து. துரை சீமைக்குப் போய்ப் புத்தகம் எழுதியிருக்கிறார், அதைப் படமாக எடுத்துவிட்டார்கள். போஸ்டரில் துரையின் பெயரை நான் படித்துக் காட்டியதும் ஷிகாரி நடுரோட்டில் நின்று ஒரு கும்பிடு போட்டார்.

ஹெட் கிளார்க் அசையவில்லை. "துரை நிஜம், ஒப்புக்கறேன். நீ நிஜமா? படத்துல நீ இருந்தா சரி. இல்லேன்னா இந்த ஆபீஸ்ல இனிமே காடுங்கற பேச்சே உன் வாயில வரக்கூடாது."

"ஆவட்டும் சார்," என்றார் ஷிகாரி. அந்தக் கதையைப் பிடுங்கிக்கொண்டால் அவரிடம் மிச்சமிருப்பது காக்கிச் சட்டையும் காப்பித் தம்ளரும்தானே!

சனிக்கிழமை மாட்டினிக்கு செக்‌ஷனே போனது. ஷிகாரி நடுவில், ஒரு பக்கம் மொழிபெயர்க்க நான், மறு பக்கம் ஹெட் கிளார்க். 'இதில் வருவதெல்லாம் உண்மை' என்று திரையில் முதலில் போட்டார்கள். நான் சொன்னதும் ஷிகாரி திரும்பினார். "கேட்டுக்கினீங்களா சார்? எல்லாம் நெசம்!"

சமையல்காரன் வந்தான். தலைப்பாகை, மீசை, தோளில் சட்டிபானை. "நாந்தான்! நாந்தான் அது!" என்று ஷிகாரி என் தொடையில் ஓங்கி அடித்தார். கால் மணிதான். சமையல்காரன் தண்ணீர் மொள்ள ஆற்றில் இறங்கினான். முதலை வந்தது. ஒரே வாய்!

துரை தொப்பியைக் கழற்றிக் கரையில் மண்டியிட்டு அழுதார். ஏதோ இங்கிலீஷில் சொன்னார். ஷிகாரி அதற்கு அர்த்தம் கேட்கவில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு அவரும் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். தம் சாவுக்குத் தாமே அழுத மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். நாங்கள் வரிசையாகச் சிரித்தோம், அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஹெட் கிளார்க் குனிந்து சொன்னார்: "எல்லாம் நிஜம்னா நீ செத்துப் போயிருக்கணுமேப்பா. அந்தச் சமையல்காரன் வேற யாரோ. நீ இல்லெ."

ஷிகாரி துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

படத்தில் துரை தனியாக நடந்தார். ஒரு குகையில் சடாமுடிக் கிழவர் ஒருவர், காட்டு மக்களின் ஆதி மந்திரம் என்று எதையோ அவர் காதில் ஓதினார். அடுத்த காட்சியில் கொம்பன் வந்தது. துரை கையை உயர்த்தினார். பின்னணித் தாரை தப்பட்டை எல்லாம் நின்றது. கனத்த குரலில் மந்திரம் புறப்பட்டது:

"டாண்டூ ஸோப்பூ... மெண்டே ஸோப்பூ... ஸப்ஸிகே ஸோப்பூ..."

சிரிப்பில் கொட்டகைக் கூரையே பறந்தது! "தொரை, கட்டு எவ்ளோ?" என்று தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல். "வாடிப் போயிருக்கு, வேணாம்!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து இன்னொன்று. யானை திரும்பிப் போனது யார் கண்ணிலும் படவில்லை. எங்கள் ஹெட் கிளார்க், ஐந்து பிள்ளைகளுக்குத் தகப்பன், நாற்காலி மேல் ஏறி நின்று ஷிகாரியைக் காட்டிக் கத்தினார்: "ருஜுவாது! ருஜுவாது!"

வெளியே வந்ததும் நான் கேட்டேன். "துரை உங்களைச் சாகடிச்சுட்டாரே, உங்க யானையையும் எடுத்துக்கிட்டாரே, கோபம் வரலையா?"

"இன்னாத்துக்கு சார் கோவம்? எனுக்கோசரம் அழுதாரே, பாக்கல?" என்றவர், கொஞ்சம் தயங்கினார். "அழுதுக்கினே இங்கிலீஷ்ல என்னமோ சொன்னாரே. இன்னா அது?"

துரை சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டிருந்தது. 'இனிமேல் எனக்கு யார் டீ போட்டுக் கொடுப்பார்கள்?'

"இவன் இல்லேன்னா நான் இல்லேன்னு சொன்னார்," என்றேன்.

ஷிகாரி நம்பாமல் ஹெட் கிளார்க்கைப் பார்த்தார். இங்கிலீஷ் கடுதாசியில் கமா தவறினால் திருப்பி அனுப்புகிறவர் அவர்.

"ஹௌது," என்றார் ஹெட் கிளார்க். "அதையேதான் சொன்னார். நானும் கேட்டேன்."

திங்கட்கிழமை மணி அடித்து, "ஷிகாரி!" என்று அவர் கூப்பிட்டதும், வாசலிலிருந்து பதில் வந்தது: "உயிரோட கீறேன் சார்!" ரிடையர் ஆகும் வரை ஒன்பது வருஷம் தினமும் அதே பதில்தான்.

ஷிகாரி ரிடையர் ஆன மறுநாள், ஹெட் கிளார்க் பழக்கதோஷத்தில் மணி அடித்து "ஷிகாரி!" என்றார். வாசலில் ஸ்டூல் காலியாக இருந்தது. செக்‌ஷனில் யாரும் தலை நிமிரவில்லை. நான்தான் எழுந்து நின்று சொன்னேன்: "உயிரோடதான் இருக்கார் சார்."