கொழுந்து மடுவத்து வாசலில் நடந்த வாட்ஸப் போர்

வாழ்க லோஜினி! முகில் குடை பிடிக்க, மழை முரசறைய, தேயிலைப் படை அணி அணியாய் நின்று வணங்கும் வட்டவளைச் சீமையில் தோன்றிய விஞ்ஞானப் பட்டதாரி; வாய் திறந்தால் தன் குரல் தனக்கே கேளாதவள்; கட்டைவிரல் அசைத்தால் தோட்டத்து இரு லயக் குடியிருப்புகளையும் எழுப்புபவள்; ‘நம்ம ஓடை’ எனும் வாட்ஸப் குழுவின் ஒரே நிர்வாகி! தொடுதிரைத் தெய்வங்களே, அவள் புகழைப் பாடி முடிக்கும்வரை எங்கள் சார்ஜைக் காத்தருள்க!

போரின் காரணம் கேளீர். சோறு மடித்த லஞ்ச் சீட்டும் கடைப் பொருள் சுமந்த சொப்பின் பேக்கும் மழைதோறும் ஓடையில் இறங்கி, குடிதண்ணீர்க் குழாயின் தொண்டையை அடைத்தன. குப்பையை ஓரிடத்தில் குவித்தால் சனிக்கிழமை டிராக்டர் வரும் என்றது பிரதேச சபை. அந்த இடத்தை இன்று மாலைக்குள் சொல்லாவிட்டால், அந்த இரும்பு யானை றொசல்லப் பக்கம் திரும்பிவிடும். இடத்தை முடிவு செய்ய வேண்டிய மாவீரர் இருவர்: கீழ்லயத்துத் தலைவர் சோலைமலை, மேல்லயத்து மாதர் சங்கத்து நாகலெட்சுமி. இவர்களோ, சாமி ஊர்வலம் எந்த லயத்துக்கு முதலில் போவது என்று திருவிழாவில் மோதிய நாள் முதல் முகம் பார்த்துப் பேசுவதில்லை.

ஆகவேதான் லோஜினி குழுவைத் தொடங்கி, அதன் வாயிலில் இரு சட்டங்களைக் கல்வெட்டாய்ப் பொறித்தாள்: ஆளைத் திட்டக் கூடாது, ஓரிடத்தை வேண்டாம் என்பவர் வேறோரிடம் சொல்ல வேண்டும். ‘இடிந்த பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் வைக்கலாமா?’ என்று, பாழடைந்த குழந்தைக் காப்பகத்தைக் காட்டி, காலையிலேயே முதல் அம்பையும் எய்தாள். உடனே கீழ்லயத்து இளவல் பிரதாப் குட் மோர்னிங் ரோஜாக்களைப் பொழிந்தான். அம்பு மலர்க்குவியலில் புதைந்தது.

அத்தோட்டத்தில் சிக்னல் இறங்கும் புண்ணிய பூமி ஒன்றே: கொழுந்து நிறுக்கும் மடுவத்து வாசல். வேலை விட்ட அந்தியில் வீரர் அனைவரும் அங்கே திரண்டு, தோளோடு தோள் உரச, முதுகுக்கு முதுகு காட்டி, போன்களைக் கேடயமாய் உயர்த்தி நின்றனர். ‘மரக்கறித் தோட்டத்தோரம்’ என்று நாகலெட்சுமி எழுதிவிட, எழுத்தை வெறுத்த சோலைமலை குரல்பதிவு எனும் கதாயுதத்தைச் சுழற்றினார்.

“ஏம்மா லோஜினி, எங்க மரக்கறித் தோட்டத்துப் பக்கம் குப்பையக் கொட்டுனா, நாளைக்கு லீக்ஸ் புடுங்குறப்ப சொப்பின் பேக்தான் வரும். சொல்லிப்புடு அந்தம்மாகிட்ட!”

அவர் வாயிலிருந்து அதிர்ந்த முழக்கம் சுற்றியிருந்த போன்களில் மீண்டும் மீண்டும் அதிர்ந்தது. ஒரு முழத் தொலைவில் நின்ற நாகலெட்சுமி, காற்றில் வந்ததைக் கேளாதவளாய், போனில் வந்ததைக் காதில் வைத்துக் கேட்டு, அப்புறம் சீறினாள்.

“அப்ப எங்க பீலிக்கரையில கொட்டவா? தலைவரு வீட்டு நாத்தத்த மோந்துகிட்டு நாங்க குளிக்கணுமோ? துண்ட இறுக்கிக் கட்டுனதுல மூள நசுங்கிருச்சா?”

முதற் சட்டம் களத்தில் சாய்ந்தது. இரண்டாம் சட்டத்தை எவரும் வாசித்ததே இல்லை. கதிரவன் மலைக்கு அப்பால் தேரை இறக்க, தராசின் பின்னே ஒதுங்கி நின்ற லோஜினியோ, ஊழிக்காலத்துக்கென ஒளித்து வைத்த பேராயுதத்தைத் தொட்டாள்: ‘நிர்வாகி மட்டுமே எழுதலாம்.’

இரு தளபதிகளும் போன் திரையை வீணே குத்தினர்.

“என்னா, ஒங்களுக்கும் போவலயா?” என்றாள் நாகலெட்சுமி, திருவிழாவுக்குப் பின் முதன்முறையாக முகம் திருப்பி.

“போவலம்மா. சிக்னல் செத்துருச்சு போல.”

“அப்ப வாயால சொல்லுங்க. எங்கதான் கொட்டுறது?”

தலைவர் தாடையைத் தடவினார். “அந்த இடிஞ்ச பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால சும்மாதானே கெடக்கு?”

“அட, இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல தலைவரே! நல்ல யோசனை.”

காலையில் தான் எய்த அதே அம்பை லோஜினி சபையின் எண்ணுக்கு எய்தாள். சபைக்குச் செய்தி பறக்க, இரும்பு யானை வட்டவளை நோக்கித் துதிக்கை திருப்ப, ஓடைநங்கை தொண்டை நெகிழ்ந்து நகைக்க, வானோர் தூவும் மலருக்காகத் திசையெட்டும் காத்திருக்க, வெற்றித்திருமகள் லோஜினி, பூட்டிய குழுவின் கோட்டைக் கதவை எல்லோருக்கும் திறந்தாள்.

பிரதாப் ஒரு குட் நைட் ரோஜா அனுப்பினான்.