பூவனநாதன் பதினோராவது கியரில்

“சைக்கிள் மிதிக்கத் தெரிஞ்சவனுக்கு இந்த உலகத்துல தெரியாததுன்னு ஒண்ணு கெடையாது. எழுதி வச்சுக்கிடுங்க!”

2006-ஆம் வருடம், ஆவணி மாதம், கோவில்பட்டி எட்டயபுரம் ரோட்டு டீக்கடையில், ஒரு கால் தரையிலும் மறு கால் பெடலிலுமாக நின்று இவ்வாறு பிரகடனம் செய்தவர் திரு. பூவனநாதன். வயது நாற்பத்தொன்று. தீப்பெட்டி ஆபீஸில் சூப்பர்வைசர். தலையில் ஹெல்மெட், கையில் டீ கிளாஸ், கால்களுக்கு நடுவில் பதினெட்டு கியர் வைத்த மலை சைக்கிள். ஊருக்குள் மலை ஏது என்று நீங்கள் கேட்கலாம். பலர் கேட்டிருக்கிறார்கள். திடீரென்று ஒரு மலை வந்து நின்றால் கையில் சைக்கிள் இல்லாமல் முழிக்கக் கூடாது என்பது அவருடைய பதில்.

வாசகரே, இந்த இனத்துக்கு ஒற்றை வித்தைக்காரர் என்று பெயர். எல்லா ஊரிலும் கிடைக்கும், எல்லாத் தட்பவெப்பத்திலும் விளையும். அதற்கு ஒரே ஒரு விஷயம் தெரியும். அது உண்மையிலேயே நன்றாகவும் தெரியும். அங்கேதான் ஆபத்து. ஒன்றுமே தெரியாதவர் ஓரமாக நின்றுகொள்வார், பல விஷயம் தெரிந்தவர் பயந்துகொண்டு பேசுவார். ஆனால் ஒன்றை மட்டும் நன்றாகத் தெரிந்துகொண்டவர் இருக்கிறாரே, அவர் அந்த ஒன்றை வைத்துக்கொண்டு கல்யாணம், காய்ச்சல், கார்ப்பரேஷன் தண்ணீர், கடவுள் என்று எல்லாவற்றையும் அளந்து முடித்துவிட்டு, அளந்ததற்கு நீங்கள் நன்றி சொல்லவில்லையே என்று வருத்தமும் படுவார்.

பூவனநாதன் அளப்பது சைக்கிளால். எதிர்வீட்டுக்காரருக்கு வாயுத் தொந்தரவு என்றால், “ஏத்தத்துல பெரிய கியர்ல மிதிக்கிய, அதான். ராத்திரி சின்ன கியருக்கு வாங்க” என்பார். சின்ன கியர் என்றால் இட்லியா, கஞ்சியா? தெரியாது. மைத்துனன் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று பஞ்சாயத்துக்குப் போனவர், இரண்டு சக்கரத்திலும் காற்று சமமாக இருக்க வேண்டியதன் அவசியத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். அவர் பேசி முடிப்பதற்குள் அந்தத் தம்பதி சமாதானமாகி, சேர்ந்து கிளம்பிப் போயிருந்தார்கள். அதையும் அவர் தன் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

இப்பேர்ப்பட்டவர் கையில் ஒரு நோட்டீஸ் கிடைத்தது. ஐப்பசியில் சாகசப் பந்தயம். நோட்டீஸில் ஒரு சைக்கிள் படம் இருந்தது. அதற்கு மேல் அவர் படிக்கவில்லை.

மீதியைப் படித்தவர் சுதாராணி டீச்சர். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பி.டி. டீச்சர். “அண்ணாச்சி, இது வெறும் சைக்கிள் ரேஸ் இல்ல. குன்று மேல ஓடணும், கம்மாயில மெதக்கணும், மேப்பு பாத்து வழி கண்டுபிடிக்கணும், அதுக்கப்புறந்தான் சைக்கிள். மூணு பேரு டீமு, அதுல ஒரு பொம்பள கண்டிப்பா இருக்கணும். மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நூறு அடிக்குள்ளயே போகணும். மூணு சைக்கிளோட மூணு பேரும் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள நாகலாபுரத்துல முடிவுக் கோட்டைத் தொடணும். ஒரு ஆளு கொறைஞ்சாலும் செல்லாது.”

“ஓட்டம்னா என்ன டீச்சர்? சைக்கிள் இல்லாம சைக்கிள் மிதிக்கது. படகுன்னா? பெடலு கைக்கு வந்திருக்கு, அம்புட்டுத்தான். மேப்பு எதுக்கு? ஹேண்டில்பார் திரும்புத பக்கம் ரோடு.”

டீச்சர் ஏன் இவரோடு சேர்ந்தார் என்று நீங்கள் ஆச்சரியப்படுவது நியாயம். அந்தப் பள்ளிக்கூடத்தில், உங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்த மாதிரியே, பி.டி. பீரியடு வரும்போதெல்லாம் கணக்கு வாத்தியார் கையில் சாக்பீஸோடு வாசலில் வந்து நிற்பார். மூன்று வருடமாகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மைதானத்தை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். சுதாராணி போராடிப் போராடியதில், கடைசியில் தலைமையாசிரியை ஒரு வாக்குக் கொடுத்தார்: “இந்தப் பந்தயத்தை முடிச்சு சர்டிபிகேட்டோட வா, பத்தாம் வகுப்பு பி.டி. பீரியடு ஒனக்கு. முடிக்கலேன்னா கணக்குக்கு. அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது.” பந்தயத்துக்குப் போக வேறு டீம் கிடைக்கவில்லை. நாற்பத்திரண்டு பிள்ளைகளின் விளையாட்டு, பூவனநாதனின் இரண்டு கால்களில் தொங்கியது இப்படித்தான்.

மூன்றாவது ஆள் சங்கரபாண்டி, லாரி டயர் கடைக்காரர். மிதப்பதற்கு டியூப் தேவைப்பட்டதால் அவரும் தேவைப்பட்டார்.

பயிற்சி தொடங்கியது. கண்மாயில் தண்ணீர் இல்லை. ஆவணியில் ஏது தண்ணீர்? அதனால் என்ன? வெடித்துக் கிடந்த கண்மாய்த் தரையில் லாரி டியூபைப் போட்டு, அதன்மேல் ஹெல்மெட்டோடு ஏறி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பலகையால் காற்றைத் தள்ளி, தினமும் காலையில் முக்கால் மணி நேரம் துடுப்புப் போட்டார் பூவனநாதன். ஆடுகள் மேய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

“ஏலே சங்கரபாண்டி, எம்புட்டுத் தூரம் வந்திருக்கேன்?”

“ஏறுன எடத்துலயே இருக்கிய அண்ணாச்சி.”

“தண்ணி இல்லாததால தெரியல. இருந்திருந்தா அக்கரையில எறங்கியிருப்பேன்.”

பந்தய நாள் வந்தது. குன்று ஓட்டத்தில் நம்மவர் கடைசி. சைக்கிள் ஷூவின் அடிப்பாகம் பாறையில் வழுக்கியது. அது பாறையின் குற்றம் என்று பதிவு செய்துவிட்டு மேலே போனார். கண்மாயில் இப்போது இடுப்பளவு தண்ணீர் இருந்தது. டியூப் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது. ஆறாவது சுற்றில் சங்கரபாண்டி தன் துண்டை அவிழ்த்து டியூபில் கட்டி, எருமையை இழுப்பதுபோல் இழுத்துக் கரை சேர்த்தார். இழுபடும்போதும், “கொஞ்சம் எடது பக்கம் ஒடி!” என்று யோசனை சொல்லப் பூவனநாதன் தவறவில்லை. மேப்பை சுதாராணி வாங்கி வைத்துக்கொண்டார்.

பிறகு சைக்கிள். இங்கே உண்மையைச் சொல்லியாக வேண்டும்: மனிதர் பறந்தார். பருத்திக் காட்டுக்கு நடுவே வண்டிப்பாதையில் அவர் மிதித்ததைப் பார்த்தவர்களுக்கு, இவர் டீக்கடையில் சொன்னதெல்லாம் உண்மையாக இருக்குமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியிருக்கும். பன்னிரண்டு டீமை முந்தினார்கள். நாகலாபுரத்துக்கு மூன்றே கிலோமீட்டர் பாக்கி. மணி நாலு.

அப்போது மழை வந்தது.

கரிசலைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வெயிலில் அது கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். பத்து நிமிடம் மழை பெய்தால் மாவாகும், இருபது நிமிடத்தில் பசையாகும், அதன்பின் அதில் போனது எதுவும் தன் எடையோடு திரும்பாது. சங்கரபாண்டி முதல் தூறலிலேயே இறங்கி சைக்கிளைத் தோளில் தூக்கிவிட்டார். டீச்சரும் தூக்கினார். “எறங்கிருங்க அண்ணாச்சி!”

“எறங்குததா? நான் சைக்கிள்காரன், டீச்சர்!”

முப்பது அடி போயிருப்பார். டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் மண் அப்பி, மேலும் அப்பி, இரண்டு சக்கரமும் இரண்டு ஆட்டுக்கல் ஆகி நின்றுபோயின. சைக்கிள் சாயவில்லை. ஸ்டாண்டு போடாமலே நேராக நின்றது. அதன்மேல் பூவனநாதன், கொட்டுகிற மழையில், முன்னோக்கிய பார்வையோடு, எங்கேயும் போகாமல் அமர்ந்திருந்தார்.

“இது கியர் பிரச்சினை. பதினெட்டையும் ஒவ்வொண்ணாப் பாத்துட்டு எறங்குதேன்.”

“ஒண்ணு” என்றார். பெடல் அசையவில்லை. “ரெண்டு” என்றார். செயின் மண்ணுக்குள் இருந்தது. கியர் மாறியதா இல்லையா என்று அதற்கே தெரியாது. ஐந்தாவது கியரில், சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு, ஆடுகளை ஓட்டியபடி ரெங்கம்மாள் என்ற அம்மாள் வந்து சேர்ந்தார். நின்றார். சுற்றி வந்து பார்த்தார்.

“என்னய்யா, எல்லாரும் பருத்தி வெதைச்சிருக்காவ, நீரு சைக்கிள நட்டு வச்சிருக்கீரு? மொளைக்குமா?”

“ஆறு” என்றார் பூவனநாதன்.

முந்தப்பட்ட பன்னிரண்டு டீமும், சைக்கிளைத் தோளில் சுமந்து, ஒவ்வொன்றாக அவரைக் கடந்து போயின. மணி நாலரை தாண்டியது. பதினோராவது கியரில் சுதாராணி டீச்சர் அவர் முன்னால் வந்து நின்றார். தோளிலிருந்த சைக்கிளை இறக்கவில்லை. சத்தமும் போடவில்லை.

“அண்ணாச்சி, நீங்க பதினெட்டு வரைக்கும் எண்ணுங்க. நான் குத்தம் சொல்லல. ஆனா நாளைக்குக் காலையில நாப்பத்திரெண்டு பிள்ளைய என் மொகத்தைப் பாக்கும். முடிச்சிட்டியளா டீச்சர்ன்னு கேக்கும். இன்னும் ஏழு கியர் பாக்கி இருந்துச்சுன்னு நான் சொல்லவா?”

வாசகரே, சிரிக்காதீர்கள். அல்லது சிரித்துவிட்டு மெதுவாகக் குனிந்து, நீங்கள் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். உங்களுக்கும் ஒன்று நன்றாகத் தெரியும், இல்லையா? பேங்க் வேலை, ஜாதகம், ஆங்கில இலக்கணம், பங்கு மார்க்கெட், ஏதோ ஒன்று. அது உங்களை எத்தனையோ மைல் சுகமாகச் சுமந்து வந்திருக்கிறது. அது நின்றுபோய் எவ்வளவு நேரமாகிறது என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பக்கத்தில் தோளில் சுமையோடு யாராவது காத்துக்கொண்டிருக்கிறார்களா? எனக்கும் ஒன்று உண்டு. ஊரிலுள்ளவர்களை எல்லாம் கேலி செய்வது. நானும் இறங்கிப் பார்த்ததில்லை.

பன்னிரண்டாவது கியருக்குப் போன கட்டைவிரல் நின்றது.

பூவனநாதன் இறங்கினார். கணுக்கால்வரை புதைந்தது. ஒரு ஷூவை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுக் கால் மட்டும் வெளியே வந்தது. கடலைச்செடி பிடுங்குகிற மாதிரி மூன்று பேரும் சேர்ந்து சைக்கிளைப் பிடுங்கினார்கள். மண்ணோடு அதைத் தோளில் ஏற்றியபோது அவருக்கு முட்டி மடங்கியது. ஒரு எட்டு வைத்தார், வழுக்கினார். இன்னொரு எட்டு, மறுபடியும். பிறகு ரெங்கம்மாளைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

“எம்மா... இதுல எப்படி நடக்கணும்?”

“அந்த ஷூவையும் கழட்டும். நடுப்பாதையில போகாதீரு, ஓரத்துல புல்லு இருக்கு பாரும், அதுல காலை வையும். பெருவெரல ஊணி நடக்கணும். சைக்கிள்ல இருக்க மண்ண நூறு அடிக்கு ஒருக்க குச்சியால வழிச்சிரும். ஏன், ஒம்ம வீட்டுல நடக்கச் சொல்லித் தரலியா?”

“இல்லம்மா” என்றார் பூவனநாதன், மிகுந்த மரியாதையோடு.

ஐந்து ஐம்பத்தாறுக்கு மூவரும் கோட்டைத் தொட்டார்கள். கடைசி டீம். நான்கு நிமிடம் மிச்சம். சர்டிபிகேட்டில் மை கலைந்துவிடாமலிருக்க சுதாராணி அதைப் பாலித்தீன் பைக்குள் வைத்து, அந்தப் பையை இன்னொரு பைக்குள் வைத்தார்.

பந்தயம் நடத்தியவர்களில் ஒருவர், வந்தவர்களிலேயே மூத்தவர் என்று பார்த்து, பூவனநாதனிடம் மைக்கை நீட்டினார். “சார், சைக்கிளிங்ல இருந்து புதுசா இதுக்கு வரணும்னு நெனைக்கிறவங்களுக்கு நீங்க ஏதாவது சொல்லுங்க.”

இந்த இனம் வாழ்நாள் முழுக்கக் காத்திருப்பது இப்படியொரு மைக்குக்காகத்தான். அவர் அதை வாங்கினார். ஒலிபெருக்கி ஒருமுறை கிறீச்சிட்டது. சங்கரபாண்டி பயத்தோடு கண்ணை மூடிக்கொண்டார்.

“எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. டீச்சர் சொல்லுவாவ.”

மைக்கை சுதாராணியிடம் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு ஓரமாகப் போய், ஒரு குச்சியைப் பொறுக்கி, குத்தவைத்து உட்கார்ந்து, டீச்சருடைய சைக்கிள் சக்கரத்திலிருந்த மண்ணை வழிக்கத் தொடங்கினார்.