பார்வையிட்டேன், திருப்தி

கூட்டத்தில் எழுந்து நின்று பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் எழுந்தேன். அது மூன்றாம் வகுப்பு 'பி' பிரிவின் பெற்றோர் கூட்டம். அன்றும் உட்கார்ந்தே இருந்திருக்கலாம்.

என் பெயர் சுயம்புராஜ். நாகர்கோவில் வடசேரியில் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். மனைவி அஜிதாவுக்கு செட்டிகுளம் பக்கம் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. ஊசி உள்ளே போனதே தெரியாது, அப்படி எடுப்பாள் என்று டாக்டர்கள் சொல்வார்கள். கல்யாணமாகிப் பத்து வருடமாக அது எனக்கும் தெரியும். ஒரே மகள். எட்டு வயது. பெயர் அஜிஷா. பெயரில் எனக்குப் பங்கு இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

பள்ளிக்கூடக் கூட்டங்களுக்கு அஜிதாதான் போவாள். அந்த ஆகஸ்ட் மாதம் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. என்னை அனுப்பினாள். வகுப்பு நிறைய அம்மாக்கள். ஆம்பிளை என்று பார்த்தால் நானும், ஓரத்தில் ஸ்டூல் மேல் ஏறி ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தவரும்தான்.

கிரேசி டீச்சர் நல்ல டீச்சர். பிள்ளைகள் வகுப்பில் என்ன செய்கிறார்கள் என்பது வீட்டுக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதில் கண்டிப்பானவர். அதற்காகவே ஆளுக்கொரு தகவல் நோட்டு. இடது பக்கத்தில் டீச்சர் அன்றைய சங்கதியை எழுதுவார். வலது பக்கத்தில் வீட்டில் யாராவது படித்துவிட்டு இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஜூன் மாதத்திலிருந்து இருபத்தேழு நோட்டில் ஒன்றில்கூட ஒரு அப்பாவின் கையெழுத்தைப் பார்க்கவில்லை என்று டீச்சர் வருத்தப்பட்டார். பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் பொதுவாகப் பார்க்க அங்கே வேறு அப்பா இல்லை.

நான் எழுந்துவிட்டேன்.

"இன்னையிலிருந்து எங்க வீட்டு நோட்டு என் பொறுப்பு, டீச்சர். ஒரு நாள் தவறாது."

அம்மாக்கள் கை தட்டினார்கள். ஃபேன் மாட்டுகிறவரும் தட்டினார். கீழே விழப் பார்த்தார்.

வீட்டில் வந்து சொன்னபோது அஜிதா சிரிக்கவில்லை. நல்லது என்று மட்டும் சொல்லி, நோட்டையும் ஒரு பேனாவையும் என் கையில் கொடுத்தாள். இவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறாளே என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முதல் ஒன்பது நாள் என்னை மிஞ்ச ஆள் இல்லை. வகுத்தல் பற்றி டீச்சர் இரண்டு வரி எழுதினால், வகுத்தலின் அவசியம் பற்றி நான் அரைப் பக்கம் எழுதினேன். பத்தாவது நாள் கடையில் சரக்கு வந்து இறங்கியது. பதினோராவது நாள் எனக்குத் தலைவலி. கையெழுத்து என்று நினைத்தது தலையெழுத்தாக மாறிக்கொண்டிருப்பது புரிந்தது. சபையில் கொடுத்த வாக்கு. கைவிட்டால் அஜிதா முகத்தில் எப்படி முழிப்பது?

ஞாயிற்றுக்கிழமை அவள் டியூட்டிக்குப் போனதும் எனக்கு யோசனை உதித்தது. நோட்டை எடுத்தேன். ஒரு மாதத்துக்கும் சேர்த்து வலது பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். படித்தேன், மிக்க மகிழ்ச்சி. பார்வையிட்டேன், திருப்தி. தங்கள் பணி இதே போல் தொடரட்டும். இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டேன். சந்தேகம் வராமலிருக்கச் சில நாளுக்கு நீல மை, சில நாளுக்குக் கறுப்பு மை. நிறம் கலப்பதுதானே நம் தொழில். எழுதி முடித்து நோட்டைப் பிள்ளையின் பையில் வைத்தபோது உடம்பில் இரண்டு கிலோ குறைந்த மாதிரி இருந்தது.

அதன் பிறகு பன்னிரண்டு நாள் நிம்மதி. நோட்டு போயிற்று, வந்தது. அஜிதா ராத்திரி சோறு போடும்போது, நோட்டு பார்த்தாயிற்றா என்று கேட்பாள். பார்த்தாயிற்று என்பேன். சரி என்பாள்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபகுமாரி கடைக்கு வந்தாள். அவள் மகன் ஜெபிஷும் என் மகளும் ஒரே வகுப்பு. வீட்டு கேட்டுக்கு அடிக்கக் கறுப்பு பெயின்ட் கேட்டாள். டின்னை எடுத்துக் கொடுத்தேன். போகிற போக்கில் கேட்டாள்.

"அண்ணே, அஜிஷாவுக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணியாச்சா? போர்டில எழுதுறது பிள்ளைக்குத் தெரியல்லன்னு டீச்சர் முன் பெஞ்சில மாத்தி வச்சிருக்காவளாம். ஜெபிஷ் சொன்னான்."

என் முகம் கடையின் கலர் ஷேடு கார்டில் இல்லாத ஒரு வெள்ளையாகிவிட்டது. ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அஜிதா இன்னும் வந்திருக்கவில்லை. நோட்டைத் திறந்தேன்.

இந்த வாரம் திங்கட்கிழமை டீச்சர் எழுதியிருந்தார்: பிள்ளைக்குப் பார்வையில் குறை இருக்கும் போல் தெரிகிறது, கரும்பலகையைப் படிக்கச் சிரமப்படுகிறாள். எதிரே என் கையெழுத்தில்: பார்வையிட்டேன், திருப்தி.

செவ்வாய்க்கிழமை: தயவுசெய்து கண் மருத்துவரிடம் காட்டவும். எதிரே: படித்தேன், மிக்க மகிழ்ச்சி.

புதன்கிழமை: இப்போதைக்கு முன் பெஞ்சுக்கு மாற்றியிருக்கிறேன், பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள். எதிரே: தங்கள் பணி இதே போல் தொடரட்டும்.

வியாழக்கிழமை டீச்சர் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அதிலும் எனக்குத் திருப்தி.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை டிவிக்கு முன்னால் ஒரு முழம் தள்ளித்தான் உட்காருவாள். எவ்வளவு ஆர்வம் என்று நான்தான் மெச்சிக்கொண்டிருந்தேன். வடசேரி பஸ் ஸ்டாண்டில், அப்பா அது எந்த பஸ் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். வாசிக்கச் சோம்பல் என்று ஒரு தடவை திட்டியும் இருக்கிறேன். முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, எதிர்வீட்டுச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "என்னமோ எழுதியிருக்கு அப்பா" என்றாள்.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தேன். அஜிதாவிடம் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் அவள் ரசம் ஊற்றினாள். கடைசியில் ஒரு திட்டம் போட்டேன். சனிக்கிழமை காலையிலேயே பிள்ளையைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது. குறையை நானே கண்டுபிடித்ததாக வீட்டில் வந்து சொல்வது. பிள்ளையும் தப்பும், நானும் தப்புவேன்.

ஸ்கெட்ச் பேனா வாங்கிக் கொடுக்கப் போகிறேன் என்று அஜிதாவிடம் சொன்னேன். தாராளமாகப் போங்கள் என்று பிள்ளைக்குத் தலை வாரி, தண்ணீர் பாட்டிலும் கொடுத்து அனுப்பினாள்.

ஆஸ்பத்திரி கவுன்டரில் இருந்த பெண் பெயர் கேட்டாள். சொன்னேன். பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள்.

"போன செவ்வாய்க்கிழமை அம்மா கூட்டிட்டு வந்தாங்களே. கண்ணாடி ரெடியா இருக்கு சார். சனிக்கிழமை அப்பா வந்து வாங்கிக்கிடுவாருன்னு அப்பவே சொல்லிட்டுப் போனாங்க."

நான் பிள்ளையைப் பார்த்தேன். அவள் ஃபேனைப் பார்த்தாள். அப்பாகிட்ட சொல்லாண்டாம்னு அம்மா சொல்லிச்சு என்று ஃபேனிடம் சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. டாக்டரம்மாவைப் பார்த்துக் கேட்டேன். லேசான கிட்டப்பார்வைதான், பயப்பட ஒன்றும் இல்லை, கண்ணாடி போட்டால் எல்லாம் சரியாகத் தெரியும், வருடத்துக்கு ஒரு தடவை காட்டினால் போதும் என்றார். அதைக் கேட்டபோது விட்ட மூச்சு நேற்றுச் சாயங்காலத்திலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு. பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எதிரே இருந்த கடை போர்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். தூரத்தில் வந்த பஸ் எங்கே போகிறது என்று எனக்கு முன்னால் சொன்னாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, உங்க மீசையில நாலு நரை இருக்கு."

இருக்கட்டும் மக்கா என்றேன். எனக்குக் கண் கலங்கியிருந்தது. நல்ல வேளை, அவள் அதற்குள் அடுத்த போர்டுக்குப் போய்விட்டாள்.

வீட்டில் அஜிதா மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். மகள் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, கண்ணாடி எடுப்பாக இருக்கிறது என்றாள். நான் நின்றபடியே முழுவதையும் ஒப்புக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை எழுதியதை, இரண்டு மையை, எல்லாவற்றையும். எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"மறுநாளே தெரியும். டீச்சர் எழுத முன்னாடியே வலது பக்கத்தில பதில் இருந்தா அவியளுக்குத் தெரியாதா? திங்கக்கிழமை மத்தியானமே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிட்டாவ."

இப்படி ஒரு ஓட்டை இருப்பது எனக்கு அந்த நிமிடம் வரை உறைக்கவில்லை. சத்தியமாக உறைக்கவில்லை.

கண் விஷயத்தை டீச்சர் நோட்டை நம்பி விடவில்லையாம். எழுதிய அன்றே அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டாராம். மறுநாளே அவள் கூட்டிப் போயிருக்கிறாள். அதன் பிறகு டீச்சர் எழுதியதெல்லாம், நான் எப்போதாவது வாசிப்பேனா என்று பார்க்கத்தான். அஜிதா சிரித்துக்கொண்டு தொடங்கியவள், அந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தினாள்.

"நீங்க அரைப் பக்கம் எழுதாண்டாம். அவிய எழுதினத ஒரு தடவை வாசிச்சாப் போதும். நான் இல்லாத அன்னைக்குப் பிள்ளைக்கு ஏதாவதுன்னா என்ன செய்விய?"

டீச்சரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று அவளிடமே கேட்டேன். புதன்கிழமைகளில் மத்தியானம் பிள்ளைகள் சத்தம் போட்டு வாசிப்பதைக் கேட்க வீட்டிலிருந்து ஒரு ஆள் வந்தால் டீச்சருக்கு உதவி, ஒரு தடவை போய்விட்டு வாருங்கள் என்றாள். ஒரு தடவைதானே என்று ஒத்துக்கொண்டேன்.

போனேன். என் முழங்கால் தாடையில் இடிக்கிற உயரத்தில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். மன்னிப்புக் கேட்கத் தயார்செய்த நான்கு வாக்கியமும் டீச்சரைப் பார்த்ததும் மறந்துபோயின. அவர், நல்ல வேளை சார் வந்தீங்க என்று மட்டும் சொல்லி ஒரு கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து வாசித்தார்கள். ஒரு பெண்பிள்ளை எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு பக்கத்தை முடித்துவிட்டு, நான் கை தட்டுவேன் என்று காத்து நின்றாள். தட்டினேன். ஜெபிஷ் 'மழை'யை 'மளை' என்று வாசித்தான், திருத்தினேன். அடுத்த பக்கத்தில் நான் 'கிழவி'யை 'கிளவி' என்றேன், அவன் திருத்தினான். என் மகள் பழையபடி மூன்றாவது பெஞ்சில், தன் சிநேகிதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் கரும்பலகையில் எழுதிய நான்கு வரியை அங்கிருந்தே கடகடவென்று வாசித்தாள். ஒரு எழுத்துக்குக்கூடக் கண்ணை இடுக்கவில்லை.

மணி அடித்தபோது, அதற்குள்ளா என்று இருந்தது.

அன்று சாயங்காலம் அஜிதா வேலை முடிந்து வந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யாரும் வற்புறுத்தவில்லை, நானாகவே ஒரு முடிவு எடுத்திருக்கிறேன், இனி ஒவ்வொரு புதன்கிழமையும் நானே வகுப்புக்குப் போவேன், கடையை அந்த ஒரு மணி நேரம் பூட்டினால் ஒன்றும் முழுகிப்போகாது என்று அறிவித்தேன். என் வாழ்க்கையில் நானே சுயமாக எடுத்த பெரிய முடிவு அது. அவள் முகத்தில் ஆச்சரியத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

அஜிதா கைப்பையை ஆணியில் மாட்டினாள்.

"தெரியும். கண் டெஸ்ட் பண்ணப் போன அன்னைக்கே டீச்சர்கிட்ட மார்ச் மாசம் வரைக்கும் புதன்கிழமைக்கு உங்க பேரைத்தான் கொடுத்திருக்கேன்."