சன்னாசி அண்ணனை நான் நிறுத்திய இடம்

அரியலூர் சாலையில், கீழப்பழுவூரைப் பார்த்து, பட்டப்பகலில் தோளில் ஒரு சிவப்புக் கொடியோடு நான் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். ஓடினால் யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்றுதான் நடந்தேன். ஆனால் கொடியைக் கீழே போடத் தோன்றவில்லை. தப்பித்துப் போகிறவன் அரை மைலுக்குத் தெரிகிற ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு போவானா? நான் போனேன். (எட்டாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியும் தேறாதவனுக்கு அவ்வளவுதான் மூளை.)

எதிரே வந்த லாரி, கொடியைப் பார்த்து நின்றுவிட்டது.

"என்னாப்பா, முன்னாடி பாலம் எதும் போயிருச்சா?"

"ஒண்ணுமில்லண்ணே, போங்க."

"அப்பறம் எதுக்குடா கொடி புடிக்கிற?"

வயலில் நின்ற ஒருவர் வேறு மாதிரி நினைத்தார். "கட்சி மாநாடா தம்பி? சோறு போடுறாங்களா?" நான் பாட்டுக்குத் தலையை ஆட்டினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னால் வரத் தொடங்கினார். சோறு கிடையாது என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்ப இரண்டு பர்லாங் ஆயிற்று.

எனக்குப் பின்னால், குவாரிக்குப் பக்கத்தில், சன்னாசி அண்ணன் ரோட்டில் கிடந்தார். உயிர் இருக்கிறதா என்று குனிந்துகூடப் பார்க்காமல் கிளம்பியிருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பாடாலூரில் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவி, லாரியில் கிளீனராக ஓடி, உடையார்பாளையம் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்கி, கடைசியாக அந்தச் சுண்ணாம்புக்கல் குவாரிக்கு வந்து சேர்ந்திருந்தேன். எங்கேயும் மூன்று மாதத்துக்கு மேல் தங்கியதில்லை. சில இடங்களில் நானாகப் போனேன், பல இடங்களில் அனுப்பினார்கள். குவாரியில் கொடுத்த வேலை, ஒரு மனிதனுக்குக் கொடுக்கக்கூடியதிலேயே சுலபமானது. மத்தியானம் பாறைக்கு வெடி வைக்கும்போது ரோட்டில் கொடியோடு நின்று வருகிறவர்களை நிறுத்த வேண்டும். ரோட்டோரம் சுண்ணாம்பு அடித்த ஒரு கல் இருந்தது. அதைத் தாண்டி யாரும் போகக் கூடாது. மேஸ்திரி விசில் ஊதித் திரியைப் பற்றவைப்பார். வெடித்து முடிந்ததும் வழி விட வேண்டும். இதைக் கெடுக்க ஒருவனால் முடியுமா என்று நீங்கள் கேட்கலாம்.

அது பொங்கல் சமயம். மெட்ராசில் வெஸ்ட் இண்டீசோடு டெஸ்ட் மேட்ச் தொடங்க மூன்று நாள் இருந்தது. அன்று என் கொடிக்கு முன்னால் அரியலூர் போகிற பஸ் ஒன்று நின்றது. சைக்கிளில் வந்த டிரில் மாஸ்டர் நின்றார். சன்னாசி அண்ணன் காலி மாட்டுவண்டியோடு நின்றார். அறுப்பு நடக்கிற அந்த மூன்று வாரம் களத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றினால்தான் அவர் வீட்டில் வருஷம் முழுக்க அடுப்பு எரியும். வாரத்தில் நாலு நாள் என்னிடம் நின்று போகிறவர். போகும்போது ஒரு பீடி கொடுப்பார்.

பஸ் கண்டக்டர்தான் ஆரம்பித்தார். "அவனுங்க புடிக்கிறது மட்டையா? உலக்கை! நம்ம ஆளுங்க எல்லாரும் பவுண்டரியில போயி நின்னாத்தான் மானம் தப்பும்."

டிரில் மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "யோவ், மூணு ஸ்பின்னரை வச்சுக்கிட்டு ஷார்ட் லெக்ல ஆள் நிறுத்தலன்னா எதுக்குய்யா ஸ்பின்னு? மூக்குக்குக் கீழ நாலு பேரு நிக்கணும். அவன் கை நடுங்கணும்."

"மூக்குக்குக் கீழ நிக்கிறவன் வூட்டுக்குப் பொணமாத்தான் போவான் சார்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். மட்டையை நான் கையால் தொட்டதே இல்லை. கிரிக்கெட் தெரிந்ததெல்லாம் பாடாலூர் டீக்கடை ரேடியோவில் கேட்டதுதான், அதிலும் பாதியைக் கிளாஸ் கழுவுகிற சத்தம் விழுங்கிவிட்டது. ஆனாலும் அந்த வட்டாரத்தில் இந்திய அணிக்கு என்னை விட்டால் ஆளில்லை என்கிற நினைப்பு எனக்கு இருந்தது.

"கண்டக்டர் அண்ணன் சொல்றதுதான் சரி. லாங் ஆன்ல நல்லா தள்ளி ஒருத்தன் நிக்கணும். அதுதான் சேஃப்டி."

"எங்க நிக்கணும்? நிறுத்திக் காட்டு பாப்போம்" என்றார் டிரில் மாஸ்டர்.

மேஸ்திரியின் விசில் கேட்டது. திரி பற்றிவிட்டது என்று அர்த்தம். வெடிக்க நாலைந்து நிமிஷம் ஆகும். நான் கொடியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு அணியை நிறுத்தத் தொடங்கினேன். பஸ்ஸிலிருந்து இறங்கிய நாலு பேர் நிழலை விட்டு வந்து, சொன்ன இடத்தில் நின்றார்கள். டிரில் மாஸ்டர் ஷார்ட் லெக்கில் வீம்பாகக் குனிந்து உட்கார்ந்துகொண்டார். லாங் ஆனுக்கு ஆளில்லை. மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த சன்னாசி அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, அப்படியே பின்னாடி போங்க."

"எதுக்குடா?"

"பந்து வந்தா புடிக்கணும்."

"பந்து எங்க?"

"பந்து இல்லண்ணே. சும்மா நில்லுங்க."

அவர் போனார். யார் எதைச் சொன்னாலும் செய்கிற மனிதர். கண்டக்டர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "அங்க நின்னா தலைக்கு மேல போயிரும்டா ராசு, இன்னும் தள்ளி" என்றார். நானும் கையை ஆட்டினேன். "இன்னும் போங்கண்ணே! இன்னும்!"

அவர் வெள்ளைக் கல்லைத் தாண்டினார். நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்துவிட்டு, சரியான இடம் என்றுதான் நினைத்தேன்.

வெடித்தது. மூன்று மாதத்தில் ஒரு கல்கூடப் பாதித் தூரம் வந்ததில்லை. அன்று ஒரு கல், தேங்காய் அளவு இருக்கும், தனியாக மேலே கிளம்பி, நிதானமாக எங்கள் பக்கம் வளைந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். அப்போது யாரோ பலமாகக் கத்தினார்கள்: "புடிங்கண்ணே!"

கத்தியது நான்தான்.

சன்னாசி அண்ணன் மேலே பார்த்தார். வலது கையை உயர்த்தினார். அடுத்த நொடி ரோட்டில் கிடந்தார்.

நான் திரும்பி நடந்தேன். அந்த நடையில்தான் முதலில் சொன்ன லாரியும் மாநாடும்.

மூன்றாவது மைலில் பின்னால் சைக்கிள் மணி கேட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓடுகிற பையன்களைத் துரத்திப் பிடித்தே கை காய்த்துப்போன ஆள் டிரில் மாஸ்டர். என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டுதான் சைக்கிளை நிறுத்தினார்.

"சாகலடா. கை நொறுங்கிருச்சு. கண்டக்டர் துண்டால கட்டி, பஸ்லயே பெரியாஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போயிட்டாரு. மாடும் வண்டியும் நடுரோட்டுல நிக்குது. ஏறு பின்னாடி."

ஏறினேன். குவாரி கண்ணில் பட்டதும் அவர், முன்னால் பார்த்தபடியே, "நான் சொன்ன மாதிரி எல்லாரையும் கிட்ட நிறுத்தியிருந்தீன்னா ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆயிருக்காது" என்றார்.

மேஸ்திரி கொடியைப் பிடுங்கிக்கொண்டு, என் தாயிலிருந்து தொடங்கி வசவு சொல்லி, இனி குவாரிப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்றார். வண்டி ஓட்ட எனக்குத் தெரியாது. ஏறி உட்கார்ந்தேன். மாடுகள் என்னைக் கேட்காமலே கிளம்பி, இரண்டு இடத்தில் திரும்பி, ஒரு கூரை வீட்டு வாசலில் நின்றன.

சன்னாசி அண்ணனின் மனைவி செல்லம்மா வெளியே வந்து, முதலில் என்னை, பிறகு வண்டிக்குள் பார்த்தாள்.

"அவரு எங்க?"

"ஆஸ்பத்திரியில, அண்ணி. உயிருக்கு ஒண்ணுமில்ல. கையில அடி."

"மாடு முட்டிருச்சா?"

"இல்ல... கிரிக்கெட்டு." அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். "வெஸ்ட் இண்டீஸ்காரனுங்க தூக்கி அடிப்பானுங்க, அதனால..."

"எந்த ஊருக்காரனுங்க அவனுங்க? எங்க வூட்டுக்காரரு அவனுங்கள என்னா பண்ணுனாரு?"

முழுவதையும் கேட்டாள். நான் கத்தியதையும் சொன்னேன். துணி காயப்போட்ட கயிற்றிலிருந்து ஒரு புடவையை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு, "மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இருவரும் வந்து இறங்கினார்கள். அவருடைய வலது கை தோளிலிருந்து விரல் நுனிவரை மாவுக்கட்டுக்குள் இருந்தது. (அந்தக் கை பிறகு ஒருநாளும் முழுதாக நீளவில்லை. சோற்றுக்குப் போகும், மூட்டைக்குப் போகாது.) வண்டியடியில் கிடந்த நான் எழுந்து நின்றேன்.

"கத்துனது நீதானே ராசு?"

"ஆமாண்ணே."

மாவுக்கட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "கையத் தூக்காம இருந்தா தலையில விழுந்திருக்கும்னு டாக்டரு சொல்றாரு. பய கத்துனதாலதான் தலை தப்பிச்சுது."

"அங்க கொண்டுபோயி நிறுத்தாம இருந்தா எதுவுமே விழுந்திருக்காது" என்றாள் செல்லம்மா.

அந்த வீட்டில் அந்த வழக்கு தீரவே இல்லை. பின்னால் ஒவ்வொரு பொங்கலுக்கும் கரும்பு தின்றுகொண்டே இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுவார்கள், சிரிப்பார்கள். அண்ணன் எப்போதும் என் பக்கம். எனக்கு மட்டும் செல்லம்மா சொன்னதுதான் சரி என்று படும்.

அன்று காலை யாரும் சிரிக்கவில்லை. மேலத்தெரு களத்தில் இருபது மூட்டை நெல் கிடந்தது. வண்டி வராவிட்டால் பத்து மணிக்குள் வேறு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அப்படிப் போனால், அறுப்பு முடிகிற வரைக்கும் அந்தக் களம் அந்த வேறு வண்டிக்குத்தான். சன்னாசி அண்ணன் இடது கையால் நுகத்தடியைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. நான் போய்ப் பிடித்தேன். வலது மாட்டை இடது பக்கம் பூட்டினேன், அவிழ்த்தேன், மறுபடி பூட்டினேன். செல்லம்மா சாட்டையைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டாள்.

"அறுப்பு முடியற வரைக்கும்" என்றாள்.

எடுத்துக்கொண்டு ஏறினேன். கூலி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வண்டி தெருமுனை திரும்பும்போது பார்த்தேன். என்மேல் நம்பிக்கை இல்லாமல், கண்ணை என் முதுகிலேயே வைத்துக்கொண்டு, பத்தடி பின்னால் அவள் நடந்து வந்துகொண்டிருந்தாள். களம் வரைக்கும் அப்படியே வந்தாள்.