அது விரால்தான், ஒப்புக்கொள்கிறேன்

கோவில்பதாகை, ஆவடி
ஞாயிறு காலை

பெருமதிப்பிற்குரிய கஜபதி அண்ணன் அவர்களுக்கு,

கோவில்பதாகை ஏகாம்பரம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி கண்ணம்மாவும் மகள் ஜெயப்பிரியாவும் உடம்பளவில் சௌக்கியம். செம்பரம்பாக்கத்தில் தாங்களும், தங்கள் துணைவியாரும், தங்கள் அக்கா முனியம்மா அவர்களும், மாப்பிள்ளை எழிலும் சௌக்கியமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். ‘சம்பந்தி’ என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். போன ஞாயிறு உங்கள் வீட்டில் நடந்ததற்குப் பிறகு அந்த உரிமை எனக்கு மிச்சம் இருக்கிறதா என்று தெரியாததால் ‘அண்ணன்’ என்று போட்டிருக்கிறேன். ‘மாப்பிள்ளை’ என்று எழுதியதை அடிக்க மட்டும் கை வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். போனில் பேசலாம் என்றால் தாங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய நீளமான குரல் செய்தியைத் தாங்கள் கேட்டதற்கு அடையாளம் இல்லை. ஆகவே இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் இலையில் உட்கார்ந்து கை நனைத்தால் சம்மதம், நனைக்காமல் எழுந்தால் சம்பந்தம் வேண்டாம் என்று பொருள். இது உங்கள் பக்கத்திலும் வழக்கம், எங்கள் பக்கத்திலும் வழக்கம். நான் எழுந்துவிட்டேன். எல்லோரும் பார்க்க, ஒரு வாய் சோறுகூட உள்ளே போகாமல் எழுந்துவிட்டேன். ஆனால் அண்ணே, சத்தியமாகச் சொல்கிறேன், நான் எழுந்தது சம்பந்தம் வேண்டாம் என்பதற்காக அல்ல. மீனைச் சரிபார்ப்பதற்காக. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கத்தான் எழுதுகிறேன், தயவுசெய்து கடைசி வரை படிக்க வேண்டும்.

நான் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது தங்களுக்குத் தெரியும். பார்வைக்கு அண்ணன் தம்பி போலிருக்கும் இரண்டு போல்ட்டை மேஜையில் வைப்பார்கள். ஒன்றில் மட்டும் திருகு மரை ஒரு நூல் அளவு மாறியிருக்கும். மாறியது எது என்று கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். அதுதான் என் பிழைப்பு. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து போல்ட் இல்லை, கண் மட்டும் இருக்கிறது. அது சும்மா இருக்குமா? ஊர்வது, பறப்பது, நீந்துவது எல்லாவற்றின் மேலும் திரும்பிவிட்டது. வீட்டில் கொசு உட்கார்ந்தால் கண்ணம்மாவை அடிக்க விடுவதில்லை. காலில் வெள்ளை வரி இருந்தால் டெங்குக் கொசு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்கார்ந்தால் மலேரியாக் கொசு, கூனிக்கொண்டு உட்கார்ந்தால் சாக்கடைக் கொசு என்று நான் சொல்லி முடித்த பிறகுதான் அடிக்கலாம். அடித்து நசுக்கிவிட்டால் வரி தெரியாது பாருங்கள். அதற்குள் அது அவளைக் கடித்துவிட்டுப் போய்விடும். அவளுக்கு என் மேல் வருத்தம் உண்டு.

இந்தக் குணம் தெரிந்துதான், உங்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது ஜெயப்பிரியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா, எனக்கு எழிலை ரொம்பப் புடிச்சிருக்கு. அம்பத்தூர் ஆபீஸ்ல ரெண்டு வருஷமா பாக்குறேன், நல்ல மனுஷன். அங்க போயி எதையும் எடுத்து உத்துப் பாக்காதீங்க. சாப்பிட்டுட்டு வந்துடுங்க, போதும்” என்றாள். குழந்தையிலிருந்து என்னிடம் ஒன்றும் கேட்காத பெண். நான் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் வண்டி ஏறினேன். பூந்தமல்லி தாண்டும்வரை அந்தச் சத்தியம் நன்றாகவே இருந்தது.

உங்கள் வீட்டுக் கூடத்தில் பழத்தட்டில் அந்தப் பூச்சி வந்து உட்கார்ந்தது என் குற்றமா? முனியம்மா அக்கா பயந்துபோய், “ஐயோ, தேனீ வந்துகீது, யாராவது தொரத்துங்க” என்றார். பயப்படுகிறவருக்கு ஆறுதல் சொல்வது ஒரு விருந்தாளியின் கடமை என்று நினைத்தேன். தேனீ மாதிரியே மஞ்சளும் கறுப்புமாக வேஷம் போட்டுக்கொண்டு திரியும் ஈ ஒன்று உண்டு. அதற்குக் கொடுக்கு கிடையாது. தேனீக்கு நான்கு இறக்கை, ஈக்கு இரண்டே இறக்கை. நான் குனிந்து பார்த்தேன், இரண்டுதான் தெரிந்தது. “அக்கா, இது தேனீயே இல்லை, வெறும் ஈ. பாருங்கள்” என்று சொல்லி இரண்டு விரலால் பிடித்தேன். பிறகு நடந்ததைத் தாங்களே பார்த்தீர்கள். தேனீ தன் பின்னிறக்கையை முன்னிறக்கையோடு சின்னச் சின்னக் கொக்கி போட்டு மாட்டிக்கொள்ளும், அதனால் நான்கும் இரண்டாகத் தெரியும் என்பதை வீட்டுக்கு வந்து செல்போனில் படித்தேன். உணர்கொம்பைப் பார்த்திருக்க வேண்டும். தேனீக்கு நீளமாக, முழங்கை மடக்கினது போல இருக்கும். ஈக்குக் குட்டையாக இருக்கும். அவசரத்தில் விட்டுவிட்டேன். துணைவியார் ஓடி வந்து சுண்ணாம்பு தடவினார். எழில் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டார். தாங்கள் அடக்கவில்லை. “இன்னா சம்பந்தி, ஈ கடிச்சிச்சா?” என்று கேட்டீர்கள். கூடமே சிரித்தது. தப்பாகச் சொல்லவில்லை அண்ணே, ஆனால் விரல் வீங்கியதைவிட அது எனக்கு அதிகமாக வலித்தது. தேனீயில் போன மானத்தை வேறு எதிலாவது மீட்க வேண்டும் என்று என் புத்தி தேட ஆரம்பித்தது அந்த நிமிஷத்தில்தான்.

அப்போது பார்த்து இலை போட்டீர்கள். பெண்களுக்கு உள் அறையில், நமக்குக் கூடத்தில். சோறு வந்தது, குழம்பு வந்தது. தாங்களே கையால் எனக்கு இரண்டு துண்டு வைத்து, “சாப்புடு சம்பந்தி. கடையில வாங்குன மீனு இல்ல இது, நம்ம ஏரி விராலு. கொயம்பு வாசனையே சொல்லும்” என்றீர்கள். நான் துண்டைக் கையில் எடுத்தேன். வாய்க்குத்தான் எடுத்தேன், இதை நம்புங்கள். ஆனால் ஜன்னல் வெளிச்சம் நேராக அதன் மேல் விழுந்தது. தோலில் கறுப்புப் புள்ளி. ஒன்றல்ல, பொடிப் பொடியாக. விராலுக்குப் புள்ளி கிடையாது, பக்கவாட்டில் பட்டை போல மங்கலாக ஓடும், வயிறு வெள்ளையாக இருக்கும். புள்ளி இருப்பது கொரவைக்கு. இரண்டும் ஒரே குடும்பம், இரண்டுக்கும் பாம்புத் தலை, இரண்டும் சேற்றில் கிடந்து உயிர் பிழைக்கும். ஆனால் விரால் கை நீளம் வளரும், கொரவை ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே வளர்ந்து நின்றுவிடும். துண்டும் சின்னதாக இருந்தது. என் வாய் எனக்கு முன்னால் பேசிவிட்டது. “அண்ணே, இது விரால் இல்லை, கொரவை” என்றேன்.

தாங்கள் கரண்டியைக் கீழே வைத்தீர்கள். “இன்னா சம்பந்தி சொல்ற? இந்த ஏரிக்கரையில பொறந்து வளந்தவன் நானு. எனக்கே விரால் தெரியாதா?” என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு நியாயமான பதில், “மன்னிக்கணும் அண்ணே” என்று சொல்லிச் சாப்பிடுவது. நானோ, “ஒரு நிமிஷம்” என்று சொல்லி இலையை விட்டு எழுந்து பின்பக்கம் போனேன். மீன் ஆய்ந்த இடத்தில் தலை கிடக்கும், தலையில் தாடைக்கு அடியில் பெரிய செதில் இருந்தால் கொரவை என்று முடிவு செய்துவிடலாம், ஒரே நிமிஷ வேலை, வந்து உட்கார்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். தலை கிடந்தது. ஆனால் அது உங்கள் வீட்டுப் பூனையின் வாயில் கிடந்தது. அதனிடமிருந்து வாங்குவதற்குத் துணி துவைக்கும் கல்லை நான் மூன்று சுற்று சுற்ற வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள் என்று நினைக்கிறேன். அதைப் பற்றி இப்போது கேட்கவில்லை.

கைக்குட்டையில் தலையை எடுத்துக்கொண்டு நான் கூடத்துக்குத் திரும்பிய நேரமும், துணைவியார் பூத்தட்டோடு உள்ளேயிருந்து வந்த நேரமும் ஒன்றாக இருந்தது என் போதாத காலம். மல்லிகைக்கு எதிரே மீன் தலையை நீட்டிக்கொண்டு, “தாடைக்கு அடியில் பாருங்கள்” என்று சொன்னவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முனியம்மா அக்கா என் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பொண்ணைப் பெத்தவரு எலையை உட்டு எந்திரிச்சிட்டாரு. கையே நனைக்கல. இனிமே இன்னா பேச்சு வேண்டிக்கீது?” என்றார். தாங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டீர்கள். அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது. தலையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றேன்.

பிறகு வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டேன். கண்ணம்மா வெளியே வர வெகு நேரம் ஆயிற்று. பாவம், உள்ளே ஒவ்வொருவர் காலையும் பிடித்துக் கெஞ்சுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கரையான்சாவடியில் வண்டியை நிறுத்தி இளநீர் வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டில் ஜெயப்பிரியா, “என்னப்பா ஆச்சு?” என்றாள். “கொரவை” என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. கண்ணம்மா அவளை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து ஜெயப்பிரியா விம்முவது கேட்டது. வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன் அண்ணே. என் பெண்ணின் கல்யாணத்தை ஒரு மீன் தலைக்காகக் கெடுத்துவிட்டேனே என்று நினைத்தபோது, இத்தனை வருஷம் நான் கண்டுபிடித்த போல்ட்டுகள் அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் போலிருந்தது. அன்றிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே, தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் முன்னால் இதை எழுத்து மூலமாக ஒப்புக்கொள்கிறேன். அன்று தாங்கள் பரிமாறியது விரால். புள்ளி இருந்தது உண்மைதான், ஆனாலும் விரால். முதுகுத் துடுப்பில் விராலுக்கு முப்பத்தேழு முள்ளுக்குக் குறையாது, பின்பக்கம் வெட்டிப் போட்டிருந்த துடுப்பில் நான் எண்ணியது முப்பது, ஆனாலும் விரால். தாடைக்கு அடியில் செதில் இருந்ததைத் தங்கள் பூனையும் பார்த்தது, இருந்தாலும் தாங்கள் விரால் என்று சொன்னால் எனக்கும் அது விரால். பழத்தட்டில் இருந்தது தேனீ. இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை, விரலே சாட்சி. இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படி இறங்கி வருவது என்று எனக்குத் தெரியவில்லை. என் மேல் உள்ள கோபத்தைப் பிள்ளைகள் மேல் காட்டாமல், மறுபடி ஒரு இலை போடுவீர்கள் என்று நம்பிக் காத்திருக்கிறேன்.

துணைவியாருக்கு என் வணக்கம். முனியம்மா அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்லவும். எழிலுக்கு என் ஆசிகள், மாமனாராக இல்லாவிட்டாலும் வயதில் மூத்தவனாக. தங்கள் வீட்டில் நல்லது மட்டுமே நடக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அன்பை வேண்டும்,
ஏகாம்பரம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் கண்ணம்மா கடிதத்தை வாங்கி முழுவதும் படித்தாள். படித்துவிட்டு, “நீங்கதானே எந்திரிச்சீங்க, நானா எந்திரிச்சேன்?” என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. நான் பூனையைத் துரத்திக்கொண்டிருந்த நேரத்தில் இவள் உள் அறையில் சாவகாசமாக உட்கார்ந்து, இரண்டாவது முறை மீன் வாங்கி, ரசம் ஊற்றி, மோரும் சாப்பிட்டு முடித்தாளாம். அதைப் பார்த்த பிறகு முனியம்மா அக்காவே சொம்பில் தண்ணீர் எடுத்து வந்து இவள் கையில் ஊற்றி, “நீ நனைச்சிட்டல்ல, போதும்மா. அந்தாளு கெடக்குறாரு” என்று சொல்லி, இவள் தலையில் பூவும் வைத்துவிட்டாராம். வண்டியில் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன், அந்தப் பூ என் கண்ணில் படவில்லை. நான் அழுகை என்று நினைத்துக் கதவுக்கு வெளியே நின்று கேட்டது சிரிப்பாம். கல்யாணம் அன்றைக்கே நிச்சயமாகிவிட்டது, தங்களுக்கும் தெரியும், இவள் கேட்டுக்கொண்டதால்தான் தாங்கள் போனை எடுக்கவில்லை என்கிறாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “கல்யாணம் ஆன நாள்ல இருந்து ‘நான் சொன்னது தப்பு’ன்னு ஒரு தடவ உங்க வாயால வராதான்னு பாக்குறேன். இவ்ளோ பெரிய லெட்டர்லயும் வரலையே” என்றாள். பக்கத்திலேயே நிற்கிறாள், ஆகவே எழுதுகிறேன்: இலையை விட்டு எழுந்தது தப்பு. மீனைப் பற்றி இவளிடம் கேட்டேன், புளி சரியாக இருந்தது என்பதற்கு மேல் இவளுக்கு ஒன்றும் நினைவில்லை. எனவே மேலே நான் கேட்டிருக்கும் மன்னிப்புகளில் எது தேவையோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளவும். இரண்டு குடும்பத்திலும் இன்னும் கை நனைக்காதவன் நான் ஒருவன்தான் என்பது எனக்குப் பொறுக்கவில்லை, சம்பந்தி. அடுத்த ஞாயிறு வருகிறேன், ஒரே ஒரு இலை போடுங்கள். எந்த மீன் வைத்தாலும் முழுசாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். என்ன மீன் என்று கேட்கவே மாட்டேன். பார்த்தாலே தெரிந்துவிடும்.